கண்ணைப் பிடுங்கிய கதையும் காணாமல் போன பெயர்களும்

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் காலை பத்து மணிக்கு மையச் சதுக்கத்துக்குப் போனால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். வண்ணக் குடை ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ நிற்பார். அவரைச் சுற்றி இருபது முப்பது பேர். ஒருவர் பிரேசில்காரர், ஒருவர் ஆஸ்திரேலியர், இன்னொருவர் பெங்களூர்க்காரர். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். அடுத்த இரண்டரை மணி நேரத்தில் அறுநூறு எழுநூறு வருட வரலாற்றை இவர்கள் நடந்தே கடந்துவிடுவார்கள். இதுதான் நடைச் சுற்றுலா.

இது நல்ல விஷயமா? சந்தேகமே வேண்டாம், நல்ல விஷயம்தான். அந்த நகரங்கள் காலால் நடக்கிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை. சுற்றுலாப் பேருந்தின் மாடியில் உட்கார்ந்து போகிறவருக்குக் கோபுரங்கள் தெரியும், குறுகிய சந்துகள் தெரியாது. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு தனியாகப் போகிறவர் பாதி நேரம் வரைபடத்தில் தலையைக் கவிழ்த்திருப்பார். ஊரை அறிந்த ஒருவர் முன்னால் நடக்க, கேள்வி கேட்டபடி பின்னால் போவது போல ஒரு நகரத்துக்குள் நுழைய வேறு நல்ல வழி இல்லை.

ஆனால் இந்த நடையில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மை பக்கத்திலேயே நிற்கும்போதும் கட்டுக்கதையை எடுத்து நீட்டுவதுதான் அது. "சுற்றுலாதானே, ரெண்டு கதை சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று பலரும் கேட்பார்கள். நிறையக் குறைகிறது. எப்படி என்பதற்கு செக் குடியரசின் தலைநகர் பிராக் நல்ல உதாரணம். 1992 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள நகரம். நடைச் சுற்றுலாக்காரர்களின் சொர்க்கம் என்றே சொல்லலாம்.

கடிகாரத்தின் அடியில்

பிராக்கின் பழைய நகரச் சதுக்கத்தில், பழைய நகர மன்றத்தின் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஓர்லாய் என்று பெயர். 1410இல் நிறுவப்பட்டது. உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களில் இதுவே மிகப் பழையது. மணிக்கொரு முறை ஒரு சிறு எலும்புக்கூடு மணியடிக்கும். மேலே இரண்டு சன்னல்கள் திறக்க, இயேசுவின் சீடர்கள் பொம்மைகளாக வரிசையில் வந்து போவார்கள். கீழே கூட்டம் கேமராவோடு அண்ணாந்து நிற்கும்.

அந்த மணி அடிப்பதற்கு முன்னால் வழிகாட்டி ஒரு கதை சொல்வார். "இந்தக் கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் என்ற கைவினைஞர். இதே போன்ற ஒன்றை வேறு ஊருக்குச் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று நகர மன்றத்தார் அவருடைய கண்களைக் குருடாக்கிவிட்டார்கள். ஹனுஷ் பழி வாங்குவதற்காகக் கடிகாரத்துக்குள் கையை விட்டு இயந்திரத்தை உடைத்தார். நூறு வருடம் அது ஓடவேயில்லை!" கூட்டம் "அய்யோ" என்கிறது. மணி அடிக்கிறது. எல்லோருக்கும் திருப்தி.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷே இல்லை. கடான் ஊரைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக் கலைஞர்தான் செய்தார். அதற்கான வானியல் கணக்கில் துணை நின்றவர் பிராக் பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் கற்பித்த யான் ஷிண்டெல். ஹனுஷ் என்பவரும் இருந்தார், ஆனால் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, 1490 வாக்கில் கடிகாரத்தைப் பராமரித்து மேம்படுத்தியவர் அவர். 16ஆம் நூற்றாண்டில் கடிகாரத்தைப் பழுது பார்த்த யான் தாபோர்ஸ்கி பழைய குறிப்புகளைத் தவறாகப் புரிந்துகொண்டு ஹனுஷ்தான் செய்தார் என்று எழுதி வைத்தார். பிறகு கதை வளர்ந்தது. 1894இல் அலோயிஸ் யிராசெக் வெளியிட்ட பழங்கதைத் தொகுப்பில் இடம்பிடித்து, செக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. பிழை திருத்தப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான்.

கண்ணைப் பிடுங்கிய கதை பிராக்குக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. மாஸ்கோவின் புனித பசில் பேராலயத்தைக் கட்டியவரின் கண்ணை மன்னர் இவான் குருடாக்கினார் என்பார்கள். தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டினார் என்று ஆக்ராவில் சொல்வார்கள். மூன்றுக்கும் ஆதாரம் கிடையாது. ஒரே கதை ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, நஷ்டம் என்ன? முதல் நஷ்டம் மிகுலாஷுக்கு. உண்மையில் உழைத்த மனிதனின் பெயர் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. பெயர் கிடைத்த பிறகும் கூட்டத்தின் காதில் விழுவது ஹனுஷின் பெயர்தான்.

இரண்டாவது நஷ்டம் கேட்பவருக்கு. கதை முடிந்ததும் மணி அடித்துவிடுகிறது. அந்தக் கடிகாரத்தை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அது ஒரே நேரத்தில் பல வகை நேரங்களைக் காட்டுகிறது. ரோமன் எண்கள் இன்று வழக்கில் உள்ள நேரத்தைக் காட்டுபவை. வெளிவட்டத்தில் உள்ள தங்க எண்கள் பழைய செக் நேரத்துக்கு உரியவை. அந்தக் கணக்கில் நாள் நள்ளிரவில் தொடங்காது, சூரியன் மறையும்போது தொடங்கும். மறையும் நேரம் தினமும் மாறுவதால் அந்த வளையமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகரும். மூன்றாவது வகையில் பகல் எப்போதும் பன்னிரண்டு பாகம்தான். ஆகவே கோடையில் ஒரு மணி நேரம் நீளம், குளிர்காலத்தில் குட்டை! இவை போக, சூரியன் எந்த ராசியில் நிற்கிறது, சந்திரன் வளர்கிறதா தேய்கிறதா என்பதும் அந்த முகப்பிலேயே உண்டு. நடுவில் பூமி. எல்லாம் அதைச் சுற்றி வருகின்றன, ஏனென்றால் கோபர்னிகஸ் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்த கடிகாரம் அது.

ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் நேரத்தை எப்படி நினைத்தார்கள் என்பதையே கண்முன் நிறுத்தும் பாடம். இதை விட்டுவிட்டுக் கண் பிடுங்கிய கதையைச் சொல்வது, பலாப்பழத்தை வைத்துக்கொண்டு தோலைப் பற்றி மட்டும் பேசுவது போலத்தான்.

தரையில் உள்ள சிலுவைகள்

கடிகாரத்திலிருந்து சில அடி நடந்தால் தரைக்கல்லில் வெள்ளைச் சிலுவைகள் பதித்திருப்பதைப் பார்க்கலாம். எண்ணினால் 27. பேருந்தில் போகிறவருக்கு இவை தெரியவே தெரியாது. நடைச் சுற்றுலாவின் நியாயமே இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது.

1618இல் போஹீமியாவின் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். 1620 நவம்பர் 8 அன்று வெள்ளை மலைப் போரில் தோற்றார்கள். 1621 ஜூன் 21 அன்று இதே சதுக்கத்தில் 27 பேர் கொல்லப்பட்டார்கள். 24 பேரின் தலை வெட்டப்பட்டது, மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் யான் யெசெனியுஸ், மருத்துவர், பல்கலைக்கழகத் தலைவர். 1600இல் பிராக்கில் பலர் முன்னிலையில் மனித உடலை அறுத்து உடற்கூறு விளக்கியவர். கொல்வதற்கு முன்னால் அவருடைய நாக்கை வெட்டினார்கள். பேசும் திறமைக்கான தண்டனை! பன்னிரண்டு பேரின் தலைகள் சார்லஸ் பாலத்தின் கோபுரத்தில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் தொங்கின.

இங்கே கதை எதுவும் தேவையில்லை. ஆவணமே உலுக்குகிறது. ஆனாலும் நல்ல வழிகாட்டியையும் சாதாரண வழிகாட்டியையும் இந்த இடத்தில் பிரித்துவிடலாம். சாதாரண வழிகாட்டி "செக் நாட்டுக்காக உயிர் கொடுத்த 27 தியாகிகள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நல்ல வழிகாட்டி, அந்த 27 பேரில் ஜெர்மன் மொழி பேசியவர்களும் இருந்தார்கள், கத்தோலிக்கர் ஒருவரும் இருந்தார், இதைச் செக்கர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் நடந்த சண்டையாக மாற்றியது பிற்காலத்துத் தேசியவாதம் என்று சேர்த்துச் சொல்வார். கூடுதலாகச் சொல்வது இரண்டு வாக்கியம்தான். ஆனால் கேட்பவர் சதுக்கத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

அப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தச் சதுக்கம் முழுக்க விவாதம்தான். ஒரு பக்கம் யான் ஹுஸ் சிலை. திருச்சபையை விமர்சித்ததற்காக 1415இல் எரிக்கப்பட்டவர், ஐந்நூறாவது ஆண்டு நினைவாக 1915இல் சிலை வந்தது. கொஞ்சம் தள்ளி மரியாள் தூண். 1650இல் எழுப்பப்பட்டது. செக்கோஸ்லோவாகியா விடுதலை அறிவித்த ஆறாவது நாளில், 1918 நவம்பர் 3 அன்று, ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் சின்னம் என்று கூட்டம் அதைச் சாய்த்தது. 2020இல் மறுபடி எழுப்பினார்கள், அதற்கும் எதிர்ப்பு இருந்தது. நகர மன்றத்தின் பக்கத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறதே, அங்கேயிருந்த கட்டடப் பகுதி 1945 மே மாதம், போரின் கடைசி நாட்களில் எரிந்து போனது. இத்தனையும் இருபது நிமிடத்தில் சொல்லலாம். பழைய நகரம் என்பது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டி இல்லை, இன்னும் முடியாத வாக்குவாதம் என்று பயணி தெரிந்துகொள்வார்.

யோசெஃபோவில் நடப்பது

அடுத்து சுற்றுலா யோசெஃபோவ் என்ற பழைய யூதர் பகுதிக்குள் நுழையும். இங்கேதான் கட்டுக்கதையின் விலை மிக அதிகம்.

முதலில் கோலெம். ராபி லோவ் என்ற யூத குரு ஆற்றுக் களிமண்ணால் ஒரு மனித உருவம் செய்து, மந்திரத்தால் உயிர் கொடுத்து, யூதர்களைக் காக்க வைத்தார். பிறகு அது கட்டுக்கடங்காமல் போகவே உயிரை எடுத்துவிட்டு, பழைய-புதிய ஜெபக்கூடத்தின் பரணில் போட்டு வைத்தார். இதுதான் கதை. கடைகளில் கோலெம் பொம்மை, கோலெம் காந்தப் பட்டை, கோலெம் பிஸ்கட் எல்லாம் கிடைக்கும்.

ராபி லோவ் 1609இல் இறந்தார். அவரையும் கோலெமையும் இணைக்கும் கதை அச்சில் வந்தது 19ஆம் நூற்றாண்டில். இன்று பரவலாகச் சொல்லப்படும் வடிவத்துக்குக் காரணம் 1909இல் வெளியான யூடல் ரோசன்பெர்கின் புத்தகம். எகோன் எர்வின் கிஷ் என்ற பிராக் செய்தியாளர் பரணில் ஏறித் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதியும் விட்டார். உண்மையான ராபி லோவ் யார்? பெரிய அறிஞர். 1592இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபைச் சந்தித்துப் பேசியவர். சிறுவர்களுக்கு வயதுக்கு மீறிய பாடத்தைத் திணிக்காதீர்கள், படிப்படியாகக் கற்றுக் கொடுங்கள் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர்! பரீட்சைக்குப் படிக்கும் எந்த மாணவனும் அவர் கல்லறைக்கு ஒரு கும்பிடு போடலாம். அந்தக் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஆனால் கூட்டம் கேட்டுவிட்டுப் போவது களிமண் பொம்மையை மட்டும்.

கோலெம் கதையாவது தீங்கில்லாதது, அதில் ஒரு சமூகத்தின் பயமும் ஏக்கமும் இருக்கிறது என்று விட்டுவிடலாம். இன்னொரு கதையை அப்படி விட முடியாது. "ஐரோப்பாவில் இத்தனை ஜெபக்கூடங்கள் அழிந்தபோது இவை மட்டும் எப்படித் தப்பின தெரியுமா? அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம் ஒன்றை இங்கே அமைக்க வேண்டும் என்று ஹிட்லரே ஆசைப்பட்டார். அதனால்தான் விட்டு வைத்தார்." பல வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்தி இதைச் சொல்வார்கள். கேட்பவருக்குச் சிலிர்க்கும்.

ஹிட்லர் அப்படி ஒரு ஆணையிட்டதற்கு ஆவணம் எதுவும் இல்லை. நடந்தது வேறு. அந்தப் பகுதியின் பெரும்பகுதி நாஜிகள் வருவதற்கு வெகு முன்பே போய்விட்டது. 1893இல் நகரச் சீரமைப்புக்காக ஒரு சட்டம் வந்து, பழைய யூதர் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. தப்பியவை ஆறு ஜெபக்கூடங்கள், யூதர் நகர மன்றம், கல்லறைத் தோட்டம் போன்ற சிலவே. இன்று விலை உயர்ந்த கைப்பைகளும் கடிகாரங்களும் விற்கும் பரிஜ்ஸ்கா தெரு அந்த இடிபாட்டின் மீது போட்டதுதான். இடிபட்ட ஜெபக்கூடங்களின் பொருள்களைக் காப்பாற்றத்தான் 1906இல் யூத அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது.

நாஜி ஆக்கிரமிப்பில் ஊர் ஊராக யூதர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது, அவர்கள் விட்டுச் சென்ற வழிபாட்டுப் பொருள்கள் சிதறிப் போகாமல் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று யோசனை சொன்னவர்கள் பிராக் யூத சமூகத்தினரே. 1942இல் நாஜிகளின் கண்காணிப்பின் கீழ் மைய யூத அருங்காட்சியகம் உருவானது. நாஜிகளுக்கு அதில் வேறு நோக்கம் இருந்திருக்கும். ஆனால் 153 ஊர்களிலிருந்து வந்த பொருள்களை வாங்கி, துடைத்து, எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதியவர்கள் யூத அறிஞர்களும் ஊழியர்களும். தங்கள் பெயர் அடுத்த ரயிலின் பட்டியலில் இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வரவில்லை. தப்பிய மிகச் சிலரில் ஒருவர் ஹனா வொலாவ்கோவா. போருக்குப் பிறகு அருங்காட்சியகத்தின் தலைவரானார்.

இப்போது அந்தக் கதையை மறுபடி கேட்டுப் பாருங்கள். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவர்களின் பெயர் அதில் இல்லை. "விட்டு வைத்த" புகழ் கொன்றவனுக்குப் போகிறது. கடிகாரக் கதையில் ஒரு கலைஞனின் பெயர்தான் தொலைந்தது. இங்கே தொலைவது அதைவிடப் பெரியது.

அந்த வழிகாட்டி நிற்கும் இடத்திலிருந்து சில நிமிட நடையில் பின்காஸ் ஜெபக்கூடம் இருக்கிறது. அதன் உட்சுவர்கள் முழுக்கப் பெயர்கள். போஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 யூதர்களின் பெயர்கள், ஊர் வாரியாக, கையால் எழுதப்பட்டவை. 1950களில் எழுதினார்கள். 1968இல் நிலத்தடி நீர்க் கசிவைக் காட்டி மூடினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் பெயர்கள் சுவரிலிருந்து நீக்கப்பட்டன. ஆட்சி மாறிய பிறகு, 1992 முதல் 1996 வரை உட்கார்ந்து அத்தனை பெயர்களையும் மறுபடி எழுதினார்கள். ஒரு முறை அழிக்கப்பட்டவர்கள், பெயராக இரண்டாவது முறை அழிக்கப்பட்டு, மூன்றாவது முறை மீட்கப்பட்ட சுவர் அது. உள்ளே போகக் கட்டணம் உண்டு என்பதால் இலவச நடைச் சுற்றுலா வாசலோடு திரும்பிவிடும். வாசலில் நின்று சொல்ல வேண்டியது இந்தச் சுவரின் கதையையா, ஹிட்லரின் ஆசையையா?

பாலமும் சன்னலும்

சார்லஸ் பாலத்தில் 1683இல் வைத்த யான் நேபோமுக் சிலையின் அடியில் உள்ள வெண்கலத் தகடு பளபளவென்று மின்னும். தொட்டால் அதிர்ஷ்டம் என்று தொட்டுத் தொட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ராணியின் பாவ சங்கீர்த்தனத்தில் கேட்ட ரகசியத்தை மன்னரிடம் சொல்ல மறுத்ததால் அவரை ஆற்றில் எறிந்தார்கள் என்பது கதை. 1393இல் அவர் கொல்லப்பட்டு ஆற்றில் எறியப்பட்டது உண்மை. ஆனால் சமகாலப் பதிவுகள் காட்டும் காரணம், ஒரு மடத்துக்குத் தலைவரை நியமிப்பதில் மன்னருக்கும் பேராயருக்கும் நடந்த அதிகாரச் சண்டை. பேராயரின் ஆள் என்பதால் இவர் மாட்டிக்கொண்டார். ரகசியம் காத்த கதை பின்னால் வந்து சேர்ந்தது. பெரியவர்கள் மோதிக்கொள்ளும்போது அடிபடுவது கீழே உள்ளவர் என்ற பாடம் காதல் ரகசியத்தைவிடக் குறைந்த சுவாரசியமா என்ன?

கட்டுக்கதையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கும் பிராக்கிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1618 மே 23 அன்று, மேலே சொன்ன கிளர்ச்சியின் தொடக்கத்தில், கோட்டையின் சன்னல் வழியாகப் பேரரசரின் ஆட்கள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் தூக்கி வெளியே எறிந்தார்கள். சுமார் 20 மீட்டர் உயரம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்! மரியாள் தாங்கிப் பிடித்தாள் என்றார்கள் கத்தோலிக்கர்கள். குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றார்கள் எதிர்த்தரப்பார். அந்தச் செயலருக்குப் பின்னால் பிரபு பட்டம் கிடைத்தது. பட்டத்தின் பெயர் ஹோஹென்ஃபால், அதாவது "உயரத்திலிருந்து விழுந்தவர்"! முப்பதாண்டுப் போர் இங்கேதான் தொடங்கியது.

இந்தச் சம்பவத்தைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சரியாகவே சொல்கிறார்கள். ஒரு தரப்பு இப்படிச் சொன்னது, மறு தரப்பு அப்படிச் சொன்னது என்று இரண்டையும் வைக்கிறார்கள். கூட்டமும் வயிறு வலிக்கச் சிரிக்கிறது. ஆக, உண்மையைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்ற வாதம் இங்கேயே உடைந்துவிடுகிறது. யார் சொன்ன கதை, ஏன் சொன்னார்கள் என்று சேர்த்துச் சொன்னால் கதை இன்னும் ருசிக்கிறது.

தொப்பியில் விழும் காசு

அப்படியானால் ஏன் மற்ற இடங்களில் செய்வதில்லை? வழிகாட்டிகள் மோசமானவர்கள் என்பதாலா? அதுதான் இல்லை. அவர்களில் வரலாற்று மாணவர்கள் உண்டு, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. மழையிலும் பனியிலும் தொண்டை கட்ட ஒரு நாளைக்கு இரண்டு முறை நடப்பவர்கள்.

சிக்கல் பணம் வரும் வழியில் இருக்கிறது. 2000களில் ஐரோப்பிய நகரங்களில் "இலவச" நடைச் சுற்றுலா பரவியது. கட்டணம் கிடையாது, முடிவில் விரும்பியதைக் கொடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல நிறுவனங்களில் வழிகாட்டிக்குச் சம்பளமே கிடையாது. அதோடு, வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று வழிகாட்டிதான் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். முப்பது பேர் வந்து பாதிப் பேர் கடைசியில் நழுவிவிட்டால் அன்றைக்குக் கைநஷ்டம். இந்த நிலையில் இருப்பவர் கூட்டத்தைச் சிரிக்க வைக்கவும் சிலிர்க்க வைக்கவும்தான் பார்ப்பார். கண் பிடுங்கிய கதைக்கு டிப்ஸ் விழும். "இதற்கு ஆதாரம் இல்லை" என்ற வாக்கியத்துக்கு விழுமா?

வியன்னாவில் வழிகாட்டியாகத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். லண்டனில் நீலச் சின்னம் அணிந்த வழிகாட்டிகள் நீண்ட பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிறகே அதைப் பெறுகிறார்கள். இவை நல்ல ஏற்பாடுகள். வெனிஸ் நகரம் 2024இல் சுற்றுலாக் குழுவுக்கு 25 பேர் என்று வரம்பு வைத்து ஒலிபெருக்கியையும் தடை செய்தது. பிராக்கும் அதே ஆண்டு, இரவில் குழுவாக மதுக்கடை மதுக்கடையாக அழைத்துப் போகும் சுற்றுலாக்களைத் தடை செய்தது. கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் சட்டம் போடலாம். உண்மைக்குச் சட்டம் போட முடியாது, போடவும் கூடாது. அரசாங்கம் வரலாற்றுக்கு முத்திரை குத்தத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைப் பின்காஸ் சுவர் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

கேட்பவரின் பங்கு

எனவே பொறுப்பில் பாதி கேட்பவருக்கு. பயணி விடுமுறைக்கு வந்தவர், ஆராய்ச்சிக்கு வந்தவரில்லை என்பது சரிதான். பழங்கதைகளும் ஒரு நகரத்தின் சொத்துதான், ஹனுஷும் கோலெமும் இல்லாத பிராக் வெறிச்சென்று இருக்கும் என்பதும் சரிதான். கதையே சொல்லாதீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கதையைக் கதை என்று சொல்லிக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. "இது 19ஆம் நூற்றாண்டில் வந்த கதை" என்று ஒரு வரி சேர்த்தால் கோலெம் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பயணிக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "இது எப்படித் தெரிய வந்தது?" சண்டை போடும் தொனியில் இல்லை, ஆர்வத்தோடு கேட்டால் போதும். நல்ல வழிகாட்டிக்கு இந்தக் கேள்வி பரிசு மாதிரி. முகம் மலர்ந்து பத்து நிமிடம் கூடுதலாகப் பேசுவார். சாதாரண வழிகாட்டி அன்றைக்குத் தடுமாறினாலும் மறுநாள் படித்துவிட்டு வருவார். கடைசியில் தொப்பி சுற்றி வரும்போது, உண்மையைச் சொன்னவருக்கு இரண்டு நோட்டுச் சேர்த்துப் போடலாம், எதற்காக என்று சொல்லியும் போடலாம். எது விலை போகிறதோ அதுதான் சந்தையில் நிறையும்.

கடிகாரம் இன்னும் அறுநூறு வருடம் ஓடலாம். சிலுவைகள் தரையில் கிடக்கும், பெயர்கள் சுவரில் இருக்கும். அவை தாமாகப் பேசாது. குடை பிடித்த ஒருவர் நின்று சொன்னால்தான் பேசும். மிகுலாஷ் என்ற பெயரை அடுத்த கூட்டத்திலாவது யாரோ ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கூட்டத்திலிருந்து யாராவது கேட்க வேண்டும்.